இந்த வாரப் பெட்டி

சனிக்கிழமை காலையில் எங்கள் வீட்டுக்கு ஒரு பெட்டி வரும். உள்ளே என்ன காய் இருக்கிறது என்பது பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். அப்படித் தெரியாமல் இருப்பதற்கு மாதச் சந்தா உண்டு. அதையும் முன்கூட்டியே கட்டிவிட வேண்டும்.

"என்ன காய் வரும்னு கேட்கக் கூடாது, எத்தனை வரும்னும் கேட்கக் கூடாது, பணத்தை மட்டும் முதல் தேதியே கொடுத்துடணும்" என்று எங்கள் தாத்தாவிடம் ஒருவன் வந்து சொல்லியிருந்தால், அவனைத் திண்ணையில் உட்காரவைத்து, மோர் கொடுத்து, வீட்டில் பெரியவர்கள் யாரும் இல்லையா என்று பரிவோடு விசாரித்திருப்பார்.

சந்தாவைக் கட்டியது நானில்லை, மகள். பெங்களூரில் இருக்கிறாள். நான் ஓய்வு பெற்ற கையோடு, "அப்பா, உங்களுக்கும் பொழுது போகணும்ல" என்று ஏற்பாடு செய்துவிட்டாள். மனைவி பள்ளிக்கூட ஆசிரியை, இன்னும் வேலையில் இருக்கிறாள். ஆகவே பெட்டி என் தலையில். உத்தியோகத்தில் இருந்த காலம் முழுக்க எனக்கு ஸ்டோர்ஸ் பிரிவு. திருகாணியிலிருந்து டிரான்ஸ்பார்மர் வரைக்கும் வரவு, செலவு, இருப்பு எழுதியவன். ஆனால் நான் எழுதிய எந்தத் திருகாணியும் வியாழக்கிழமைக்குள் அழுகியதில்லை.

பண்ணை மதுராந்தகம் பக்கம். மென்பொருள் வேலையை உதறிவிட்டு வந்த ஒரு கணவனும் மனைவியும் நடத்துகிறார்கள். பெட்டிக்குள் ஒரு தாளும் வைத்து அனுப்புவார்கள். ஏரியில் எவ்வளவு தண்ணீர், வெண்டையில் என்ன பூச்சி, பீர்க்கங்காய் ஏன் கோணலாக இருக்கிறது என்று எல்லா விவரமும் அதில் இருக்கும். தாளின் தலைப்பில் இயற்கை விவசாயம் பரப்பிய நம்மாழ்வார் படம். 2013-ல் மறைந்த அந்த மனிதர் உயிரோடு ஊர் ஊராக நடந்து சொன்னபோது கேட்டவர்களைவிட, அவர் போன பிறகு காணொளியில் கேட்டு வேலையை விட்டவர்கள் அதிகமோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

முன்பணம் கட்டுவதில் ஒரு தத்துவம் இருக்கிறதாம். மகள் தொலைபேசியில் வகுப்பெடுத்தாள். ஜப்பானில் 1970-களில் குடும்பத் தலைவிகள் சேர்ந்து விவசாயிகளிடம் நேரடியாக ஏற்பாடு செய்துகொண்டார்கள். அமெரிக்காவில் 1986-ல் மாசசூசெட்ஸில் ஒன்றும் நியூ ஹாம்ப்ஷயரில் ஒன்றுமாக இரண்டு பண்ணைகள் இந்த முறையில் தொடங்கின. விளைச்சலுக்கு முன்பே பணம் கொடுத்துவிடுவதால் விவசாயி கடனுக்கு அலைய வேண்டாம். நன்றாக விளைந்தால் நமக்கும் நிறைய, பொய்த்தால் நமக்கும் குறைவு. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

எங்கள் ஊரிலும் விவசாயிக்கு முன்பணம் கொடுக்க ஆள் இருந்தது. பாவூர்சத்திரம் மண்டிக்காரர்கள். விதைக்குக் கொடுப்பார்கள், உரத்துக்குக் கொடுப்பார்கள், மகள் கல்யாணத்துக்கும் கொடுப்பார்கள். விளைந்ததை அவர்கள் மண்டியில்தான் கொண்டுபோய்ப் போட வேண்டும். அவர்கள் சொன்னது விலை, அவர்கள் எடுத்தது கமிஷன். மழையில் தக்காளி அழுகினால் அந்த நஷ்டம் மண்டி வாசல்படி ஏறாது, பாக்கி அடுத்த போகத்துக்குப் போகும். அப்படி முன்பணம் கொடுத்தவரை ஊரே வாய்க்கு வந்தபடி ஏசியது. நாங்கள் கட்டினால் அது சமூகத் தொண்டு என்று தாளில் அச்சடித்து வருகிறது. தாத்தா இருந்திருந்தால், இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் நேரம் கேட்டிருப்பார்.

வித்தியாசம் இல்லாமலும் இல்லை. 2023 ஜூலையில் தக்காளி விலை நூறைத் தாண்டி, சென்னையில் ரேஷன் கடைகளில் அரசே கிலோ 60 ரூபாய்க்கு விற்க வேண்டி வந்தபோது, எங்கள் பெட்டியின் விலை பைசா ஏறவில்லை. பெட்டியில் தக்காளியும் இல்லை. தாளில் நீளமாக வருத்தம் தெரிவித்திருந்தார்கள். எங்கள் ஆச்சி சமையலில் தக்காளி எங்கே இருந்தது, புளி போதுமே என்று நான் சொன்னேன். அப்படிச் சொன்னவன் கையில் ரசம் வைக்கும் வேலையைக் கொடுத்துவிட்டு மனைவி பள்ளிக்கூடம் போய்விட்டாள்.

ஆச்சி வீடு தென்காசிக்கும் கடையத்துக்கும் நடுவில் ஒரு சின்ன ஊர். பின்கட்டைத் தாண்டினால் கிணறு, கிணற்றுத் தண்ணீர் ஓடும் வாய்க்கால், வாய்க்கால் ஓரமாக வாழை, மூலையில் முருங்கை. பந்தலில் புடலை தொங்கும். சுருண்டுபோகாமல் இருக்க ஒவ்வொரு பிஞ்சின் நுனியிலும் ஒரு கல்லைக் கட்டிவிடுவாள். சுரை தொழுவத்துக் கூரை மேலும், பூசணி குப்பைமேட்டின் மேலும் தானாகப் படரும். யாரும் விதைத்ததாக நினைவில்லை. அவரையில் அசுவினி அப்பினால், விடியற்காலையில் இலையில் பனி ஈரம் காய்வதற்குள் அடுப்புச் சாம்பலைத் தூவுவாள். இந்தக் காலத்துத் தாளில் இதற்கு அரைப்பக்கம் விளக்கம் வந்திருக்கும்.

ஆனால் அந்தக் காலத்தில் எல்லாமே இயற்கை விவசாயம் என்று யாராவது கண் கலங்கினால் நான் கூடச் சேர்ந்து கலங்க மாட்டேன். அதே வீட்டில், தாத்தா வயலில் போட்ட கத்தரிக்கு பி.எச்.சி. பூச்சிமருந்துப் பவுடரை வெறுங்கையால் அள்ளித் தூவினார்கள். துணியில் கட்டி உதறுவார்கள், வெள்ளைப் புகை எழும்பும், நாங்கள் பின்னாலேயே ஓடுவோம். 1997-ல்தான் இந்தியாவில் அதைத் தடை செய்தார்கள். சந்தைக்குப் போகிற கத்தரிக்குப் பவுடர், வீட்டுக்கு வருகிற அவரைக்குச் சாம்பல். இந்த ஏற்பாட்டைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்தக் கத்தரியை வாங்கித் தின்ற ஊர்களில் ஒன்றில்தான் இன்று நான் குடியிருக்கிறேன் என்று வைத்துக்கொண்டாலும் தப்பில்லை.

பெட்டியைத் தீர்ப்பதைப் பற்றிச் சொல்ல வந்தேன். ஆச்சி வீட்டில் காயைத் தீர்ப்பது என்று ஒரு வேலையே கிடையாது. தேவைக்கு மேல் காய்த்தால் அது அனுப்புகிற சமாசாரம். அதில் சூட்சுமம் உண்டு. ஒரு தெருவில் ஒரே மழை, ஒரே பட்டம். நம் வீட்டில் புடலை குலுங்கும்போது எதிர்வீட்டிலும் குலுங்கும். புடலை இருக்கிற வீட்டுக்குப் புடலை அனுப்பினால் அவமரியாதை. ஆகவே, யார் வீட்டுப் பந்தலை மாடு மேய்ந்தது, யார் வீட்டில் கிணறு வற்றியது, எந்த வீட்டில் மருமகள் பிள்ளை பெற வந்திருக்கிறாள் என்பதெல்லாம் ஆச்சிக்கு அத்துப்படியாக இருக்க வேண்டும். இருந்தது.

"ஏலே, இந்த முருங்கைக்காயைக் கொண்டு போயி மேலத்தெரு பெரியம்மை வீட்டுல குடு. தாத்தா குடுத்து விட்டாவன்னு சொல்லு. ஆச்சின்னு வாயைத் திறந்திராத."

பெரியம்மைக்கும் ஆச்சிக்கும் அப்போது பேச்சு வார்த்தை இல்லை. காய்க்கு இருந்தது. சம்பந்தி வீட்டுக்கு ஒடித்தால் மொடுக்கென்று முறிகிற பிஞ்சு வெண்டையாகப் பொறுக்கிக் கட்டுவாள். வட்டிக்குக் கொடுத்தவர் வீட்டுக்கு வாழைத்தார். ஒரு முறை யார் மீதோ கோபம் வந்து, விதைக்கு விட வேண்டிய முற்றல் சுரைக்காய் ஒன்றை, நகம் இறங்காத அந்தக் காயை, வாழைச் சருகில் அழகாகச் சுற்றி அனுப்பினாள். வாங்கிய வீட்டில் அதற்கு என்ன அர்த்தம் என்று உடனே விளங்கியது. அடுத்த வாரம் அங்கிருந்து எங்களுக்கு ஒரு கூடைப் பாகற்காய் வந்தது, எல்லாம் பழுத்தது.

இத்தனைக்கும் மிஞ்சியது பசுவுக்கு. எங்கள் வீட்டுக் கடைசிப் பந்தி அதுதான். எது வைத்தாலும் முகம் சுளிக்காது, போன வாரமும் இதுதானே என்று கேட்காது.

இப்போது எனக்குப் பசு இல்லை, மேலத்தெரு இல்லை. குளிர்சாதனப் பெட்டி இருக்கிறது. அட்டைப்பெட்டியைப் பிரித்து மேஜையில் பரப்பியதும் ஸ்டோர்ஸ்காரன் விழித்துக்கொள்வான். எது இன்றே போக வேண்டும், எது புதன்கிழமை தாங்கும், எது அடுத்த சனிக்கிழமையைப் பார்க்கும் என்று பிரிப்பேன். அரைக்கீரை, சிறுகீரை அன்றைக்கே. முருங்கைக்கீரை என்றால் மறுநாள் விடிவதற்குள் உருவிவிட வேண்டும், இல்லாவிட்டால் அதுவே உதிர்ந்துவிடும், உருவுகிற வேலை மிச்சம், தின்கிற வேலை போச்சு. முள்ளங்கியும் கேரட்டும் இலையோடு வந்தால் இலையை உடனே நறுக்கிவிடுவேன், விட்டுவைத்தால் அது கிழங்கின் ஈரத்தை உறிஞ்சிக் கிழங்கை ரப்பராக்கிவிடும். தக்காளியையும் வாழைப்பழத்தையும் கீரைப் பக்கம் அண்டவிடுவதில்லை. பழுக்கிற பழம் எத்திலீன் என்று ஒரு வாயுவை விடுகிறது, பக்கத்தில் இருக்கிறதெல்லாம் அவசரப்பட்டுப் பழுக்கத் தொடங்கும், பாகற்காய் முதலில். ஆச்சிக்கு எத்திலீன் தெரியாது. ஆனால் பழுத்த வாழைத்தாரை ஒருநாளும் காய்கறிக் கூடை இருந்த அறையில் தொங்கவிட்டதில்லை.

பூசணியை விட்டத்தில் உறி கட்டித் தொங்கவிடுவாள். இஞ்சி மணலில் புதைந்திருக்கும். சேனையை மண் ஒட்டியபடியே பரண் அடியில் உருட்டிவிடுவாள். சித்திரை வெயிலில் வீட்டுப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து சீனியவரைக்காய், கத்தரிக்காய், மாங்காய் எல்லாவற்றையும் உப்புப் போட்டு வத்தலாக்கிப் பானையில் அடைத்துவிடுவார்கள். நானும் முயன்றேன். சென்னையில் சீனியவரை என்றால் தெரியாது, கொத்தவரங்காய் என்று கேட்க வேண்டும். பால்கனியில் காலை வெயில் கொஞ்சம் எட்டிப் பார்க்கும், அதுவும் புறாவுக்குக் கட்டிய வலையின் வழியாக. மாடியில் காயப்போடலாம் என்றால் குடியிருப்போர் சங்கத்தின் அனுமதி வேண்டும். அனுமதி கேட்டு நான் எழுதிய கடிதம் அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது.

பண்ணைக்காரர்களுக்கும் அவ்வப்போது ஆசை வரும். கேல் கீரை வந்தது. ஜுக்கினி வந்தது. ஜுக்கினியைக் கூட்டு வைத்தால் சுரைக்காயாகிவிடுகிறது என்பதை நான் கண்டுபிடித்தேன். சுரைக்காயை வைத்து அதை ஜுக்கினியாக்குவது எப்படி என்றுதான் யாரும் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடித்தால் உதவியாக இருக்கும். ஏனென்றால் கோடைகாலத்தில் பெட்டிதோறும் சுரைக்காய். பந்தல் போட்டுவிட்டால் அது நிற்காது. சுரைக்காய்க் கூட்டு, சுரைக்காய்ப் பால் கூட்டு, சுரைக்காய் அடை, சுரைக்காய்த் தோல் துவையல். "இன்னைக்கு என்ன சமையல்?" என்று கேட்பதை மனைவி நிறுத்திவிட்டாள். பள்ளிக்கூடத்தில் சக ஆசிரியைகளோடு டப்பாவை மாற்றிக்கொள்கிறாள் என்று பிற்பாடு தெரியவந்தது. ஆச்சியின் வழி அங்கே உயிரோடு இருக்கிறது.

எதிர்வீட்டுக்குக் கொடுக்கலாம் என்று போனேன். கதவைத் திறந்தவர் கையில் ஒரு சுரைக்காய் இருந்தது. அவர்களுக்கும் அதே பண்ணை, அதே பெட்டி, என் மகள் சொல்லிச் சேர்ந்தவர்கள். இரண்டு பேரும் சிறிது நேரம் பொதுவாக மழையைப் பற்றிப் பேசினோம்.

வெள்ளிக்கிழமை இருப்பைப் பார்த்தால் எல்லாம் அரையும் குறையுமாகக் கிடக்கும். ஒரு முருங்கைக்காய், பாதி வாழைக்காய், கையளவு சேனை, நாலு அவரை. அதற்கு அவியல்தான் கதி. வெளியூர்க்காரர்கள் அவியலில் எதை வேண்டுமானாலும் போடலாம் என்று நினைக்கிறார்கள். திருநெல்வேலிப் பக்கத்தில் அப்படி நினைக்கிறவர்களுக்குப் பெண் கொடுக்க யோசிப்பார்கள். பீட்ரூட்டைப் போட்டால் நிறம் போச்சு. வெண்டைக்காய் போட்டால் கொழகொழப்பு. பாகற்காய் போட்டால் அது ஒன்றே மிச்சம். தக்காளிக்கு அங்கே இடமில்லை, புளிப்புக்கு மாங்காய், மாங்காய் இல்லாத காலத்தில் தயிர். காய்களை விரல் நீளத்துக்கு ஒரே அளவாக நறுக்க வேண்டும், ஆனால் ஒரே நேரத்தில் போடக் கூடாது. சேனை முதலில், கத்தரியும் தடியங்காயும் பின்னால். தண்ணீர் தெளித்தால் போதும், ஊற்றக் கூடாது. தேங்காயும் சீரகமும் பச்சைமிளகாயும் கொரகொரப்பாக அரைத்துச் சேர்த்து ஒரு கொதி. இறக்கியதும் பச்சைத் தேங்காய் எண்ணெயும் கறிவேப்பிலையும் போட்டு மூடிவிட வேண்டும். மூடியை உடனே திறந்து பார்க்கிறவனுக்கு அவியல் வராது. கல்யாண வீடுகளில் இதற்கென்றே தனியாகக் காய் வாங்கி நறுக்குவார்கள். என் வீட்டிலோ பெட்டி என்ன மிச்சம் வைக்கிறதோ அதுதான் அவியல், அதனால் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இலக்கணத்தில் ஒரு விதி மீறப்படுகிறது. போன மாதம் ஜுக்கினி போட்டேன். ஆச்சி இல்லை என்ற தைரியம்.

சுரைக்காய்க்கு வழி கிடைத்தது எதிர்பாராத இடத்தில். எங்கள் குடியிருப்பின் இரவுக் காவலாளி பீகார்க்காரர். ஒரு நாள் குப்பைத் தொட்டிப் பக்கம் நான் சுரைக்காயோடு தயங்கி நின்றதைப் பார்த்துவிட்டு, "லௌக்கி, சார்!" என்றார். குரலில் அத்தனை மரியாதை. நகத்தை வைத்துத் தோலை அழுத்திப் பார்த்தார். இறங்கியது. திருப்தியாக வாங்கிக்கொண்டார். கடலைப்பருப்போடு சேர்த்து வேகவைத்து நெய்யில் சீரகம் தாளிப்பார்களாம். பீர்க்கு வந்தாலும் சொல்லச் சொன்னார். அதன் பிறகு சனிக்கிழமைகளில் எனக்கும் அவருக்கும் ஒரு போக்குவரத்து ஏற்பட்டது. ஊருக்குப் போய்வந்தவர் ஒரு முறை சத்து மாவு கொண்டுவந்து கொடுத்தார், வறுத்த கடலையை அரைத்த மாவு. கரைத்துக் குடித்தேன்.

தீபாவளி நெருங்கும்போது, இந்த வருடம் விடுப்புக் கிடைக்கவில்லை, சத் பூஜையை இங்கேயே செய்யப் போகிறோம் என்றார். நாலு நாள் விரதம். மூன்றாம் நாள் மாலை மறையும் சூரியனுக்கும் நாலாம் நாள் காலை உதிக்கும் சூரியனுக்கும் நீரில் நின்று அர்க்கியம் விடுவார்கள், சென்னையில் அதற்குக் கடற்கரை இருக்கிறது. முதல் நாள் குளித்துவிட்டுச் சாப்பிட வேண்டிய சாப்பாடு ஒன்றே ஒன்று: பச்சரிசிச் சோறு, கடலைப்பருப்பு, சுரைக்காய். வெங்காயம், பூண்டு கூடாது. அன்றைக்கு பீகாரில் சுரைக்காய் விலை தக்காளி விலையைச் சிரிக்கவைக்கும் என்றார். "உங்க பெட்டி இருக்கு சார், எனக்குக் கவலை இல்லை."

நான் ஒரு கோடைகாலம் முழுக்க யாரிடம் தள்ளிவிடலாம் என்று அலைந்த காய்.

பூஜைக்கு முந்தின சனிக்கிழமை பெட்டி வந்தது. பிரித்தேன். முள்ளங்கி, கருணைக்கிழங்கு, பப்பாளிக்காய், ஒரு கட்டுப் பொன்னாங்கண்ணி. தாளை எடுத்துப் படித்தேன். ஐப்பசி மழையில் பந்தல் சாய்ந்துவிட்டது, கொடிகள் அழுகிவிட்டன, சுரை, பீர்க்கு, புடலை மூன்றும் இனித் தை பிறந்த பிறகுதான், பங்குதாரர்கள் பொறுத்தருள வேண்டும். விவசாயியின் நஷ்டத்தில் நமக்கும் பங்கு என்று மகள் சொன்னது இதுதான் போலும்.

சட்டையை மாட்டிக்கொண்டு தெருமுனைக்குப் போனேன். தள்ளுவண்டி அம்மாவைப் பெட்டி வரத் தொடங்கிய பிறகு நான் சரியாக முகம் கொடுத்துப் பார்த்ததில்லை. "என்ன சார், வழி தெரிஞ்சுதா? உங்களுக்குத்தான் பண்ணையிலேர்ந்து வருதே" என்றது. கோயம்பேட்டிலிருந்து விடியற்காலையில் எடுத்துவந்த சுரைக்காய் வரிசையாக இருந்தது. எந்த ஊர், என்ன மருந்து, ஏரியில் எவ்வளவு தண்ணீர் என்று எதுவும் எழுதியிருக்கவில்லை. நகத்தை வைத்து அழுத்திப் பார்த்து இரண்டு எடுத்தேன். கேட்ட விலையைக் கொடுத்தேன். கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் கொசுறாக அள்ளிப் பையில் போட்டது. எங்கள் பண்ணைத் தாளில் கறிவேப்பிலைக்குத் தனிக் கட்டணம்.

காவலாளி காயை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, தட்டிப் பார்த்து, மடியில் வைத்துக்கொண்டார்.

"இந்த வாரம் பெட்டி ரொம்ப நல்லா வந்திருக்கு, சார்" என்றார்.

ஆமாம், மழை நன்றாகப் பெய்திருக்கிறது என்றேன்.